ஈவென்ட் லூப் சர்வரில் வலைச் செயலி: ஒற்றை த்ரெட்டைக் காப்பது எப்படி?

எட்டு கோர் உள்ள சர்வரில் சிபியு பயன்பாடு 13 சதவீதம் என்று காட்டுகிறது. மெமரியில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் செயலி பதில் தரவில்லை. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக் கூட டைம்அவுட் ஆகிறது. நோட்.ஜேஎஸ், பைத்தானின் யுவிகார்ன், டொர்னாடோ போன்ற, ஒரே த்ரெட்டில் (ப்ராசஸுக்குள் வரிசையாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) எல்லாக் கோரிக்கைகளையும் மாற்றி மாற்றிக் கவனிக்கும் ஈவென்ட் லூப் சர்வர்களை நடத்துபவர்களுக்கு இது பழகிய காட்சி. அந்த 13 சதவீதத்தில்தான் விடை இருக்கிறது. நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அதாவது ஒரே ஒரு கோர் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறது, மற்ற ஏழும் சும்மா இருக்கின்றன. செயலியின் ஒரே ப்ராசஸ் அந்த ஒரு கோரில்தான் ஓடுகிறது.

இந்த வகை சர்வரை நடத்துவதில் உள்ள எல்லாச் சிக்கல்களும் இரண்டே காரணங்களில் போய் முடிகின்றன. ஒன்று, அத்தனை கோரிக்கைகளும் ஒரே த்ரெட்டின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: த்ரெட் அடிப்படையிலான சர்வரில் நாம் கேட்காமலேயே கிடைத்துவந்த ஒரு வரம்பு இங்கே இல்லை, அதை நாமேதான் வைக்க வேண்டும்.

பழைய முறையில் ஓர் இணைப்புக்கு ஒரு த்ரெட் அல்லது ஒரு ப்ராசஸ். லினக்ஸில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் இடம் ஒதுக்கப்படுகிறது. அது முழுவதும் உண்மையான மெமரியாக உடனே செலவாவதில்லை என்றாலும், ஆயிரக்கணக்கில் த்ரெட்கள் வந்தால் அவற்றை மாற்றி மாற்றி ஓட்டுவதே தனிச் சுமை. ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைச் சமாளிப்பது எப்படி என்ற கேள்வியை 1999-இல் டேன் கெகல் சி10கே என்ற பெயரில் முன்வைத்தார். ஃப்ரீபிஎஸ்டியில் 2000-இல் கேக்யூவும், லினக்ஸில் 2002-இல் ஈபோலும் வந்தன. இவற்றின் மூலம் ஆயிரம் சாக்கெட்டுகளை (பிணைய இணைப்பின் முனைகளை) பதிந்து வைத்துவிட்டு, எவற்றில் தரவு வந்திருக்கிறது என்று கர்னலிடம் ஒரே அழைப்பில் கேட்க முடிந்தது. அதன் மேல் எழுந்தவைதான் 2004-இல் வெளியான என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், 2009-இல் வந்த நோட், 2014-இல் பைத்தான் 3.4-உடன் சேர்ந்த அசிங்க்ஐஓ என்ற ஈவென்ட் லூப் லைப்ரரி.

லூப் செய்யும் வேலை மிக எளியது. எந்த சாக்கெட் தயார் என்று கேட்கும். தயாரானதற்குரிய ஃபங்ஷனை ஓட்டும். அது முடிந்ததும், அல்லது பதிலுக்குக் காத்திருக்கும் அவெய்ட் என்ற இடத்தில் நின்றதும், அடுத்ததை எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனை நடுவில் நிறுத்தி இன்னொன்றுக்கு வாய்ப்புத் தர அங்கே யாரும் இல்லை. அது தானாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கோரிக்கைக்கு டேட்டாபேஸ் காத்திருப்பு 80 மில்லிசெகண்ட், சிபியு வேலை 2 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். காத்திருப்பு லூப்பைப் பிடித்து வைப்பதில்லை. சிபியு வேலைதான் பிடித்து வைக்கிறது. எனவே ஒரு ப்ராசஸ் விநாடிக்கு அதிகபட்சம் 500 கோரிக்கைகளைத் தாங்கும். இப்போது யாரோ ஒருவர் பெரிய எக்ஸெல் கோப்பைக் கேட்கிறார், அதை உருவாக்க 400 மில்லிசெகண்ட் லூப் அடைபடுகிறது. விநாடிக்கு 200 கோரிக்கைகள் வரும் நேரம் என்றால் 80 கோரிக்கைகள் தேங்கும். வருவது போக விநாடிக்கு 300 என்ற வேகத்தில் அவை தீரும். கால் விநாடியை ஒட்டி எல்லாம் சீராகிவிடும். அதே அடைப்பு விநாடிக்கு 450 வரும் உச்ச நேரத்தில் நிகழ்ந்தால் 180 தேங்கும். அவை தீரும் வேகமோ விநாடிக்கு 50 மட்டுமே. சீராக 3.6 விநாடி ஆகும். அதற்குள் இன்னொருவர் எக்ஸெல் கேட்டால் வரிசை அதன் மேலேயே வளரும். சோதனைச் சூழலில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்த ஒரு வசதி, கூட்டம் சேர்ந்ததும் மொத்தத்தையும் முடக்குவது இப்படித்தான்.

லூப்பை அடைப்பவை

முதல் குற்றவாளி, காத்திருக்கும்போது லூப்பை விடாத லைப்ரரி. பைத்தானில் அசிங்க் டெஃப் என்று எழுதிய ஃபங்ஷனுக்குள் வெளித் தளங்களை அழைக்கும் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியையோ, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான சைகாப்ஜி2-வையோ, டைம்.ஸ்லீப்பையோ பயன்படுத்தினால், அசிங்க் என்ற சொல்லால் எந்தப் பயனும் இல்லை. பதில் வரும்வரை அந்த ப்ராசஸில் வேறு எதுவும் நகராது. ரெக்வெஸ்ட்ஸுக்குப் பதில் எச்டிடிபிஎக்ஸின் அசிங்க் வடிவம் அல்லது ஏஐஓஎச்டிடிபி, சைகாப்ஜி2-வுக்குப் பதில் அசிங்க்பிஜி அல்லது சைகாப்ஜி 3-இன் அசிங்க் வடிவம் என்று மாற்ற வேண்டும். நோடில் கண்டுபிடிப்பது சுலபம்: பெயரின் கடைசியில் சிங்க் என்று முடியும் கோப்பு ஃபங்ஷன்கள், ப்ராசஸ் தொடங்கும்போது கான்ஃபிக் படிக்க மட்டுமே உதவும். கோரிக்கையைக் கையாளும் பாதையில் அவை இருக்கக் கூடாது.

அடுத்தது உண்மையான சிபியு வேலை. பல எம்பி அளவுள்ள ஜேசானைப் பிரிப்பது, படத்தைச் சுருக்குவது, பிடிஎஃப் உருவாக்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் நுழைபவை வேறு. பக்கம் பிரிக்காமல் ஐம்பதாயிரம் வரிசைகளை எடுக்கும் ஓஆர்எம் (டேட்டாபேஸ் வரிசைகளை ஆப்ஜெக்ட்களாகத் தரும் லைப்ரரி) வினவலில் டேட்டாபேஸ் தன் வேலையைச் சட்டென முடித்துவிடும். அந்த வரிசைகளை ஆப்ஜெக்ட்களாக மாற்றும் வேலைதான் லூப்பில் விழும். ஸ்லோ குவெரி லாகில் அது தெரியவே தெரியாது. கடவுச்சொல்லை ஹாஷ் செய்யும் பிகிரிப்ட், வேண்டுமென்றே மெதுவாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது; காஸ்ட் என்ற அதன் அமைப்பு எண் ஒன்று கூடினால் நேரம் இரட்டிப்பாகும். நோடில் லாக் வெளியீடு பைப்புக்குப் போகும்போது லினக்ஸில் அது சிங்க்ரனஸாகவே எழுதப்படுகிறது. மறுமுனையில் படிப்பவர் தாமதித்தால் செயலியும் சேர்ந்து நிற்கும்.

உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் ரெகெக்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 ஜூலை 20 அன்று ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. காரணம், வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஒரு சாதாரண ரெகெக்ஸ். ஒரு பதிவில் சுமார் 20,000 வெற்றிட எழுத்துகள் தொடர்ந்து வந்தன. ஒவ்வொரு இடத்திலிருந்தும் புதிதாகத் தேடத் தொடங்கியதால் ஒப்பீடுகள் ஏறக்குறைய 20 கோடியைத் தொட்டன. அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் இருந்தது. கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரின் ஹெல்த் செக்கும் முகப்புப் பக்கத்தையே கேட்டது. சர்வர்கள் ஒவ்வொன்றாக வெளியேற்றப்பட்டன. அது ஈவென்ட் லூப் சர்வர் அல்ல, பல த்ரெட்கள் உள்ள அமைப்பு. அங்கேயே இப்படி என்றால், ஒரே த்ரெட் உள்ள இடத்தில் அப்படிப்பட்ட ஒரு கோரிக்கையே போதும். பயனர் தரும் உரையில் ரெகெக்ஸ் ஓட்டும் முன் நீளத்துக்கு வரம்பு வையுங்கள். வெற்றிடத்தை நீக்க மொழியிலேயே உள்ள ட்ரிம் போதும்.

நோடில் இன்னொரு மறைவான நெருக்கடி உண்டு. கோப்புகளைப் படிப்பது, பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் லுக்அப், ஜிசிப் சுருக்கம், பிபிகேடிஎஃப்2 போன்ற ஹாஷ் வேலைகள் எல்லாம் நோடின் அடித்தள லைப்ரரியான லிப்யூவி வைத்திருக்கும் த்ரெட் பூலில் (தயாராக இருக்கும் த்ரெட்களின் தொகுப்பில்) ஓடுகின்றன. அதில் இருப்பவை இயல்பாக நான்கே த்ரெட்கள். நான்கு ஹாஷ் வேலைகள் ஒரே நேரத்தில் வந்தால், ஐந்தாவதாக வரும் கோப்புப் படிப்போ டிஎன்எஸ் லுக்அப்போ நிற்கும். லூப்போ சுறுசுறுப்பாகவே இருக்கும், எந்த அளவீட்டிலும் குறை தெரியாது. யூவி த்ரெட்பூல் சைஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 16 அல்லது 32 ஆக உயர்த்துவதும், வெளி அழைப்புகளில் கீப்-அலைவ் (இணைப்பை மூடாமல் மறுபடி பயன்படுத்துவது) வைத்து லுக்அப்களைக் குறைப்பதும் இதற்கு மருந்து.

அளப்பதும் அகற்றுவதும்

இந்த சர்வர்களில் முதலில் பார்க்க வேண்டிய எண் சிபியு அல்ல, லூப் தாமதம். 500 மில்லிசெகண்டுக்கு ஒரு டைமர் வையுங்கள். அது எவ்வளவு பிந்தி ஓடுகிறது என்பதைப் பதியுங்கள். 500-க்குப் பதில் 740-இல் ஓடினால் 240 மில்லிசெகண்ட் லூப் கிடைக்கவில்லை என்று பொருள். நோடில் பெர்ஃப் ஹுக்ஸ் தொகுதி இதையும், லூப் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்ற விகிதத்தையும் தருகிறது. அசிங்க்ஐஓவின் டீபக் நிலையை இயக்கினால் 100 மில்லிசெகண்டுக்கு மேல் பிடித்துவைத்த ஒவ்வொரு படியையும் லாகில் எழுதும். சராசரியைப் பார்க்காதீர்கள், நூற்றில் 99-ஆவது அளவையும் உச்சத்தையும் பாருங்கள். வழக்கமான ஏபிஐ சர்வரில் 99-ஆவது அளவு 20 மில்லிசெகண்டைத் தாண்டினால் விசாரிக்கத் தொடங்கலாம், 100-ஐத் தாண்டினால் வேறு வேலைகளைத் தள்ளிவைக்கலாம் என்பது எங்கள் அளவுகோல். ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் ப்ராசஸ் எந்த வரியில் நிற்கிறது என்பதை, அதை நிறுத்தாமலே பை-ஸ்பை காட்டிவிடும். நோடுக்கு சிபியு ப்ரொஃபைல் எடுக்க வேண்டும்.

குற்றவாளி கிடைத்தபின் எங்கே அனுப்புவது? பதிலிலேயே முடிவு தேவையில்லை என்றால் யோசிக்காமல், பின்னணியில் வேறொரு ப்ராசஸ் எடுத்துச் செய்யும் ஜாப் க்யூவுக்கு அனுப்புங்கள். மின்னஞ்சல், அறிக்கை, படச் சுருக்கம் எல்லாம் அங்கேதான் போக வேண்டும். உடனே முடிவு வேண்டும், அது பழைய ப்ளாக்கிங் லைப்ரரி என்றால் த்ரெட்டுக்கு அனுப்பலாம். பைத்தான் 3.9 முதல் அசிங்க்ஐஓவில் இதற்கென்றே ஓர் எளிய ஃபங்ஷன் உண்டு. ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் ஃப்ரேம்வொர்க்கில் அசிங்க் இல்லாமல் வெறும் டெஃப் என்று எழுதிய ரூட்கள் (ஒரு முகவரிக்கு வரும் கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷன்கள்) தாமாகவே த்ரெட் பூலுக்குப் போகும். அந்தப் பூலின் இயல்பு அளவு 40. அதனால்தான் ப்ளாக்கிங் கோட் உள்ள ரூட்டை அசிங்க் டெஃப் என்று மாற்றியதும் வேகம் கூடாமல் படுத்துவிடுகிறது: நாற்பது த்ரெட்களில் ஓடியது ஒரே த்ரெட்டுக்கு வந்துவிட்டது. தூய பைத்தான் சிபியு வேலைக்கு த்ரெட் உதவுவது குறைவு, ஜிஐஎல் என்ற பைத்தானின் உள்பூட்டு ஒரு நேரத்தில் ஒன்றையே ஓடவிடும்; அதற்கு ப்ராசஸ் பூல் வேண்டும். நோடில் வொர்க்கர் த்ரெட் உண்டு, ஆனால் பெரிய ஆப்ஜெக்ட்டை அங்கே அனுப்பும்போது நகலெடுக்கும் செலவு லூப்பின் மீதே விழும்.

நீண்ட வேலையைத் துண்டுதுண்டாகச் செய்வது இன்னொரு வழி. ஐநூறு வரிசைகளுக்கு ஒருமுறை பைத்தானில் பூஜ்ய விநாடி ஸ்லீப், நோடில் செட் இமீடியட் என்று லூப்பை விட்டுக்கொடுக்கலாம். ப்ராசஸ்.நெக்ஸ்ட்டிக்கோ, ஏற்கெனவே நிறைவேறிய ப்ராமிஸோ (பின்னர் வரும் முடிவைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) இங்கே பயன்படாது. அவை இரண்டும் லூப் அடுத்த சுற்றுக்குப் போகும் முன்பே ஓடி முடிபவை. விட்டுக்கொடுத்ததுபோல் தோன்றும், ஆனால் எந்த சாக்கெட்டுக்கும் வாய்ப்புக் கிடைத்திருக்காது.

பெரும்பகுதி சிபியு வேலையாகவே உள்ள செயலிக்கு இந்த வகை சர்வர் பொருந்தாது. ஒரே நேரத்தில் சில டஜன் பேர் மட்டும் பயன்படுத்தும் உள் அலுவலகச் செயலிக்கும் இது தேவையில்லை. த்ரெட் சர்வரில் எழுதும் கோட் எளிமையானது, பிழையும் அங்கே எளிதில் பிடிபடும். வெப்சாக்கெட், ஸ்ட்ரீமிங், பல வெளி ஏபிஐகளுக்காகக் காத்திருக்கும் வேலை ஆகியவற்றில்தான் ஈவென்ட் லூப் தன் பலத்தைக் காட்டும்.

இல்லாமல் போன வரம்பு

நாற்பது த்ரெட்கள் உள்ள சர்வர் ஒரே நேரத்தில் நாற்பது வினவல்களுக்கு மேல் டேட்டாபேஸுக்கு அனுப்ப முடியாது. யாரும் திட்டமிட்டு வைக்காத தடுப்பணை அது. ஈவென்ட் லூப் சர்வர் ஐயாயிரம் கோரிக்கைகளையும் ஏற்றுக்கொண்டு, அத்தனையையும் அப்படியே பின்னால் தள்ளும். காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது.

டேட்டாபேஸ் இணைப்புகளைக் கணக்கிடும்போது பெருக்கலை மறந்துவிடுகிறார்கள். ஒரு சர்வரில் 8 ப்ராசஸ், மூன்று சர்வர்கள், ஒவ்வொரு ப்ராசஸும் திறந்துவைத்திருக்கும் இணைப்புத் தொகுப்பான பூலில் 10 இணைப்பு: மொத்தம் 240. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100. கூட்டமில்லாத நேரத்தில் பூல் நிரம்பாது, எல்லாம் சரியாக ஓடும்; கூட்டம் சேரும் மணி நேரத்தில் இணைப்பு மறுக்கப்படும். வரம்பை 300 ஆக்குவது முதல் தீர்வல்ல. உண்மையில் எத்தனை தேவை என்பதை லிட்டில் விதி (வரும் வேகத்தை ஒன்றுக்கு ஆகும் நேரத்தால் பெருக்குவது) சொல்லும்: மொத்தம் விநாடிக்கு 400 வினவல்கள், ஒன்றுக்கு 15 மில்லிசெகண்ட் என்றால் சராசரியாக ஒரே நேரத்தில் வேலையில் இருப்பவை ஆறே இணைப்புகள். ஏற்ற இறக்கத்துக்கு மூன்று நான்கு மடங்கு வைத்தாலும் 24. ப்ராசஸுக்கு ஒன்றாகவே வந்துவிடும், இரண்டு வைத்தால் வசதியாக இருக்கும். பூலை இன்னும் பெரிதாக்கியும் பற்றவில்லை என்றால், யாரோ இணைப்பைப் பிடித்துக்கொண்டு வேறு வேலை பார்க்கிறார்கள். ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்துவைத்துக்கொண்டு வெளி ஏபிஐயை அழைக்கும் கோட்தான் பெரும்பாலும் காரணம்.

பூலில் இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் எல்லை வேண்டும். நோடின் பிஜி லைப்ரரியில் அந்த டைம்அவுட் இயல்பாகப் பூஜ்யம், அதாவது எல்லையே இல்லை. பைத்தானின் டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்க்யூஎல்ஆல்கெமியில் 30 விநாடி. 2 அல்லது 3 விநாடியில் பிழை தந்துவிடுவது பயனருக்கும் நல்லது, மெமரிக்கும் நல்லது. வெளி அழைப்புகளுக்கும் இதே கதைதான்: இரண்டாயிரம் உருப்படிகளை நோடின் ப்ராமிஸ்.ஆல் அல்லது அசிங்க்ஐஓவின் கேதருக்குள் போட்டால் இரண்டாயிரம் சாக்கெட்டுகள் ஒரே நொடியில் திறக்கும். ஒரே நேரத்தில் ஓடுபவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் செமஃபோர் வைத்து பத்து பத்தாக அனுப்புங்கள். ஏஐஓஎச்டிடிபியின் மொத்த டைம்அவுட் இயல்பாக 5 நிமிடம், எச்டிடிபிஎக்ஸிலோ மொத்த நேரத்துக்கு அல்ல, தரவு எதுவும் நகராமல் 5 விநாடி போனால்தான் டைம்அவுட்; எதுவானாலும் நீங்களே எழுதி வையுங்கள். மொத்தக் கோரிக்கைகளுக்கும் ஒரு மேல்வரம்பு தேவை. யுவிகார்னில் லிமிட் கன்கரன்சி அமைப்பை வைத்தால், அதைத் தாண்டி வருபவற்றுக்கு உடனே 503 (இப்போது சேவை தர இயலாது) என்ற பிழையைத் தரும். வரிசையில் 40 விநாடி நின்று, பயனர் பக்கத்தை மூடிவிட்டுப் போன பின் பதில் தருவதைவிட அது மேல்.

திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் சாக்கெட்டுக்கும் ஒன்று செலவாகும் ஃபைல் டிஸ்கிரிப்டரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு சாஃப்ட் லிமிட் பெரும்பாலும் 1024. ஆயிரம் வெப்சாக்கெட்டுகள் வந்ததும் புதிய இணைப்பும் ஏற்க முடியாது, லாக் கோப்பும் திறக்க முடியாது. சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் லிமிட்நோஃபைல் மதிப்பை 65536 என்று வையுங்கள். பயனருக்கும் செயலிக்கும் இடையே ப்ராக்ஸியாக முன்னால் உள்ள என்ஜின்எக்ஸுக்கு ஓர் இணைப்புக்கு இரண்டு சாக்கெட்டுகள் செலவாகும்: பயனர் பக்கம் ஒன்று, செயலிப் பக்கம் ஒன்று.

ப்ராக்ஸியும் ப்ராசஸ்களும்

கோருக்கு ஒரு ப்ராசஸ் என்பதே தொடக்கக் கணக்கு. கன்டெய்னருக்கு ஒரு சிபியு மட்டும் ஒதுக்கியிருந்தால் உள்ளே ஒரே ப்ராசஸ் போதும், எண்ணிக்கையை கன்டெய்னர்களால் கூட்டுங்கள். ப்ராசஸ் இரண்டானதுமே மெமரியில் வைத்திருந்த செஷன், ரேட் லிமிட் எண்ணிக்கை, வெப்சாக்கெட் அறைகள் எல்லாம் உடையும். அவை எல்லா ப்ராசஸ்களும் அணுகக்கூடிய ரெடிஸ் போன்ற பொதுத் தரவுச் சேமிப்புக்குப் போக வேண்டும்.

எப்போதாவது வரும், காரணம் தெரியாத 502 பிழைகளுக்கு (பின்னால் உள்ள செயலியிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்று ப்ராக்ஸி சொல்வது) பெரும்பாலும் கீப்-அலைவ் நேரம்தான் காரணம். நோடும் யுவிகார்னும் சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 5 விநாடியில் மூடும். முன்னால் உள்ள என்ஜின்எக்ஸோ, 60 விநாடி ஐடில் டைம்அவுட் உள்ள அமேசானின் லோட் பேலன்சரான ஏஎல்பியோ அதே இணைப்பு இன்னும் திறந்திருக்கிறது என்று நம்பி, செயலி மூடும் அதே கணத்தில் கோரிக்கையை அனுப்பும். செயலியின் நேரம் ப்ராக்ஸியின் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 60-க்கு எதிரே 65 அல்லது 75 வையுங்கள். நோடில் ஹெடர்ஸ் டைம்அவுட்டையும் அதற்கு மேல் வைப்பது பாதுகாப்பு. வெப்சாக்கெட்டுகள் சரியாக 60 விநாடியில் அறுந்தால் என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்டைப் பாருங்கள்; 25 அல்லது 30 விநாடிக்கு ஒரு பிங் அனுப்பினால் போதும். சர்வர் தொடர்ந்து அனுப்பும் சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் செய்திகள் மொத்தமாகத் தேங்கி வந்தால் ப்ராக்ஸி பஃபரிங்கை அந்தப் பாதைக்கு மட்டும் நிறுத்துங்கள்.

ஒரே த்ரெட்டிலும் மோதல் உண்டு

ஒரே த்ரெட் என்பதால், இருவர் ஒரே தரவை மாற்றாமல் தடுக்கும் பூட்டு தேவையில்லை என்ற நம்பிக்கை பண இழப்பில் முடியும். அவெய்ட் ஒவ்வொன்றும் மற்றவர்கள் உள்ளே வரும் வாசல். ஒரு பொருளின் இருப்பு ஒன்று என்று படித்து, அவெய்ட் செய்து, பின் பூஜ்யம் என்று எழுதுவதற்குள் இன்னொரு கோரிக்கையும் அதே ஒன்றைப் படித்திருக்கும். நிபந்தனையை அப்டேட் வாக்கியத்துக்குள்ளேயே வையுங்கள்: இருப்பு பூஜ்யத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டும் குறை, எத்தனை வரிசை மாறியது என்று பார். ப்ராசஸுக்குள் வைக்கும் பூட்டு, ப்ராசஸ் இரண்டானதும் பயனற்றது.

பிழைகள் பரவும் விதமும் வேறு. நோட் 15 முதல், யாரும் பிடிக்காத ப்ராமிஸ் பிழை ப்ராசஸையே நிறுத்திவிடும். ஒருவரின் கோரிக்கையில் வந்த பிழை, அந்த நேரத்தில் உள்ளே இருந்த எல்லோரையும் வெளியே தள்ளும். அந்த நிறுத்தத்தை அடக்க முயலாமல், பிழையை அதன் இடத்தில் பிடியுங்கள். பைத்தானில் நேர்மாறு: கிரியேட் டாஸ்க் மூலம் தொடங்கிய டாஸ்க்கை எந்த வேரியபிளிலும் வைக்காவிட்டால், லூப் அதைப் பலவீனமான ரெஃபரன்ஸாகவே வைத்திருப்பதால் பயன்படாத மெமரியை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் அதைப் பாதியில் அள்ளிக்கொண்டு போகலாம். சத்தமே வராது. ஒரு செட்டில் சேர்த்துவைத்து, முடிந்ததும் நீக்குங்கள்.

புதிய பதிப்பை ஏற்றும்போது

பழைய ப்ராசஸை நிறுத்தும் நேரத்தில், முடித்துக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வரும். கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் அதன்பின் 10 விநாடியும், அவற்றைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் 30 விநாடியும் பொறுத்து, பிறகு கொன்றுவிடும். டாக்கர் கோப்பில் கட்டளையை ஷெல் வடிவில் எழுதியிருந்தால் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடும், செயலிக்கு வராது. ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் சரியாகப் பத்து விநாடி தாமதமாவது அதன் அடையாளம். சிக்னல் வந்ததும் முதலில், கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்க்கும் ரெடினஸ் செக்கைத் தோல்வியாக்குங்கள். லோட் பேலன்சர் அதைக் கவனிக்க ஐந்து விநாடி விட்டுவிட்டு, புதிய இணைப்புகளை ஏற்பதை நிறுத்துங்கள், நடப்பவை முடியட்டும், கடைசியாக டேட்டாபேஸ் பூலை மூடுங்கள். நோட் 19-க்கு முந்தைய பதிப்புகளில் சர்வர்.க்ளோஸ் சும்மா இருக்கும் கீப்-அலைவ் இணைப்புகளை மூடாது, 18.2 முதல் அவற்றை மூடத் தனி ஃபங்ஷன் உண்டு.

வெப்சாக்கெட் உள்ள செயலியில், அறுந்த பத்தாயிரம் பேரும் ஒரே நொடியில் திரும்ப வருவார்கள். ஒவ்வொருவருக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கல், டோக்கன் சரிபார்ப்பு, ஒரு வினவல். புதிதாக எழுந்த ப்ராசஸின் லூப் அதிலேயே மூச்சுத் திணறி, ஹெல்த் செக்கில் தோற்று, மீண்டும் கொல்லப்படும். கிளையன்ட் கோடில் மறுஇணைப்புக்கு முன் 0 முதல் 30 விநாடிக்குள் ரேண்டமாக ஒரு தாமதம் வையுங்கள், தோற்கத் தோற்க அதை நீட்டுங்கள். சர்வர் பக்கத்திலும் எல்லா இணைப்புகளையும் ஒரேயடியாக அறுக்காமல், விநாடிக்குச் சில நூறு என்று மூடிக்கொண்டு வரலாம். குபர்நெட்டீஸின் 30 விநாடி அதற்குப் போதாது என்றால் அந்தக் கால அளவையும் சேர்த்து உயர்த்த வேண்டும்.